எழுத்தர் மேசையும் துணைவேந்தர் இருக்கையும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த அன்று மாலை, தாராவித் தொண்ணூறடிச் சாலையில் நம் அன்பர் ஒருவர் என்னை வழிமறித்து நிறுத்தினார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து முப்பதாண்டுகள் ஆனவர். விடியுமுன் எழுந்து, இட்டிலிப் பாத்திரத்தைத் தலையிற் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காத்து வருபவர். அவருடைய முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தோன்றின.

“தம்பி, பையன் தேறிவிட்டான். நல்ல மதிப்பெண் என்றுதான் வாத்தியார் சொல்கிறார். தெரிந்த கடை ஒன்றில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். மாதம் பிறந்தால் சம்பளம். அவன் அம்மாவோ மேலே படிக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீங்கள் இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள். உங்கள் படிப்பும் பத்தோடு நின்றதுதானே? கெட்டா போய்விட்டீர்கள்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

எனக்கு உடனே நாவெழவில்லை. “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அண்ணாச்சி” என்று கூறி விடைபெற்றேன்.

அவர் கேட்டதில் தவறொன்றுமில்லை. நான் பத்தோடு நின்றவன் என்பது உண்மை. கெட்டுப் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் என்னோடு ஒரே நாளிற் பணியிற் சேர்ந்து, மாலை வேளைகளிற் படித்துப் பட்டம் பெற்ற இருவர் இன்று எனக்கு மேலதிகாரிகளாக இருக்கின்றனர் என்பதும் உண்மையே. சில ஆண்டுகளுக்கு முன் நானும் படிக்க எண்ணி விண்ணப்பத்தாள் ஒன்று வாங்கி வந்தேன். அடுத்த மாதம் நிரப்பலாம் என்று வைத்தேன். அந்தத் தாள் இன்றும் வீட்டுத் தகரப் பெட்டியில், குடும்ப அட்டைக்கு அடியில், வெறுமையாகவே கிடக்கின்றது. இப்படிப்பட்ட நான் பிறர் மகனுக்கு என்ன அறிவுரை கூறுவது?

அவ்வாரம் முழுவதும் என் நினைவை விட்டு நீங்காதவர் ஒருவர் உளர். அவர் டாக்டர் மு. வரதராசனார். நம் இல்லங்கள் பலவற்றில் அவருடைய திருக்குறள் தெளிவுரை இருக்கும். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1949-இல் முதன்முதல் வெளியிட்ட அச்சிறு நூல், ஊரிலிருந்து வரும்போது துணிமணிகளோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தக்க அளவினது. அதன் அட்டையில் அவருடைய பெயரைக் கண்டிருப்போம். பேராசிரியர் என்றும் நாவலாசிரியர் என்றும் அறிந்திருப்போம். மதுரைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்தவர் என்பதும் சிலருக்குத் தெரியும். அவர் தம் வாழ்க்கையைத் தாலுகா அலுவலக எழுத்தராகத் தொடங்கியவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் இம்மாதம் இப்பகுதியில் அப்பெருமகனாரின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன்.

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திற் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார். தாயார் அம்மாக்கண்ணு அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே பின்னர் வழக்கில் நிலைத்தது. வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூரில் அவருடைய இளமை கழிந்தது. திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. அதாவது, நம் இட்டிலிக்கார அண்ணாச்சியின் மகனுக்கு இன்று உள்ள வயது.

பள்ளியை விட்டதும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அந்நாளில் அரசாங்க அலுவலகத்து எழுத்தர் வேலை என்பது சிற்றூர்க் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பேறு. மாதம் பிறந்தாற் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், ஊராரிடையே மதிப்பு ஆகியவை எல்லாம் அதனோடு வரும். உறவினர்கள் “பையன் கரையேறிவிட்டான்” என்று சொல்லத்தக்க நிலை அது. அங்கேயே இருந்திருந்தால் படிப்படியாக உயர்ந்து, ஒரு நல்ல அதிகாரி என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். நாமும் அவரை அறிந்திருக்க மாட்டோம்.

ஆனால் உடல் நலம் இடங்கொடுக்கவில்லை. நோயின் காரணமாக அவ்வேலையை விட்டு விலகி ஊருக்குச் சென்று ஓய்வு கொள்ள நேர்ந்தது. இளைஞர் ஒருவர் கிடைத்த வேலையையும் இழந்து நோயாளியாக வீடு திரும்புவது எத்தகைய துன்பம் என்பதை நம்மவர் நன்கு அறிவர். இந்நகரத்தில் உழைத்து உடல் நலிந்து, ஊருக்கு வண்டியேறிய எத்தனையோ பேரை நாம் தாதர் நிலையத்திலும் வி.டி. நிலையத்திலும் வழியனுப்பியிருக்கின்றோம்.

அந்த ஓய்வுக் காலத்தில் மு.வ. தமிழ் கற்கத் தொடங்கினார். முருகைய முதலியார் என்னும் ஆசிரியர் அவருக்கு வழிகாட்டினார். கல்லூரி இல்லை; வகுப்பறை இல்லை; உடன் பயிலும் மாணவர் கூட்டமும் இல்லை. நூல்களும் ஓர் ஆசிரியரும் தம் முயற்சியுமே அவருக்குத் துணையாக இருந்தன. சென்னைப் பல்கலைக் கழகம் அக்காலத்தில் வித்துவான் என்னும் தமிழ்ப் புலமைத் தேர்வை நடத்தி வந்தது. கல்லூரியிற் சேராது தாமே பயின்றவர்களும் அதனை எழுதலாம். மு.வ. அவ்வாறே எழுதினார். 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறித் திருப்பனந்தாள் காசி மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசையும் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தேர்வு அவரை நோக்கி, “நீ எந்தக் கல்லூரியின் வாயிலில் நுழைந்தாய்?” என்று கேட்கவில்லை. “உனக்கு என்ன தெரியும்?” என்று மட்டுமே கேட்டது. பின்னால் வரப்போவது அனைத்திற்கும் அந்த ஒரு கேள்வியே வித்து.

தேர்வில் முதல்வரானதும் கல்வி முடிந்தது என்று அவர் அமர்ந்துவிடவில்லை. திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிக் கொண்டே மேலும் பயின்று, 1939-இல் கீழ்த்திசை மொழிகளுக்குரிய பி.ஓ.எல். பட்டத்தையும் தனித்தேர்வராகவே பெற்றார். அவ்வாண்டே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அங்குக் கற்பித்துக் கொண்டே 1944-இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார், தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் அவர் ஆராய்ந்த பொருள். 1948-இல், சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருள் பற்றிய ஆராய்ச்சிக்காகச் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அப்பல்கலைக் கழகத்தில் தமிழுக்கென அப்பட்டம் பெற்றவர்களுள் அவரே முதல்வர் என்பர். அவ்வாராய்ச்சி பின்னர் ஆங்கில நூலாகவும் வெளிவந்தது. சிற்றூரில் தாமே படித்த ஒருவர், உலகத்தார் படிக்கத்தக்க ஆங்கிலத்தில் சங்கப் பாட்டின் அழகை எடுத்துரைத்தார்.

எழுத்து வேலை பார்ப்பவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பதினாறாம் வயதிற் பள்ளியை விட்டவர் டாக்டர் பட்டம் பெறும்போது முப்பத்தாறு வயதினர். இடையில் உள்ளவை இருபது ஆண்டுகள். அவற்றுள் ஓராண்டேனும் அவர் கல்லூரி மாணவராக விடுதியில் தங்கிப் படித்ததில்லை. பெரும்பகுதியில் அவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர். 1935-இலிருந்து இல்லறத்தவரும் ஆவார். ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நான்காண்டு, ஐந்தாண்டு, மீண்டும் நான்காண்டு என இடைவெளி இருக்கின்றது. விரைந்து ஓடியவரின் கணக்கு அன்று இது. நில்லாமல் நடந்தவரின் கணக்கு.

அவர் ஏறிய ஏற்றத்தின் அருமையை உணர வேண்டுமானால் அந்நாளைய தமிழாசிரியரின் நிலையையும் அறிதல் வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தவர்களுக்கு இருந்த மதிப்பும் ஊதியமும் தமிழ்ப் பண்டிதருக்கு இல்லை. பல்கலைக் கழகத் தலைமையோ மருத்துவர், வழக்கறிஞர் போன்ற ஆங்கிலக் கல்வி பெற்ற பெருமக்களுக்கு உரியதாக எண்ணப்பட்டது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் புகழ்பெற்ற மருத்துவர். அத்தகைய உலகில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் துணைவேந்தராதல் எளிதில் எண்ணத்தக்கதாக இருக்கவில்லை.

மு.வ. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ்த் துறைத் தலைவராக உயர்ந்தார். 1961-இல் சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்றார். இவ்வளவுக்கும் இடையே அவர் எழுதிக் குவித்த நூல்கள் பல: நாவல்கள், சிறுகதைகள், நாடகங்கள், மொழியியல் நூல்கள், காந்தியடிகள், தாகூர், திரு.வி.க. போன்ற பெருமக்களின் வரலாறுகள். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என அவர் கடித வடிவில் எழுதிய நூல்களை நம் தாய்மாரும் படித்திருப்பர். சாகித்திய அக்காதெமிக்காகத் தமிழ் இலக்கிய வரலாறு ஒன்றும் எழுதினார். அவருடைய நாவல்களில் அறிவுரை மிகுதி என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை முற்றிலும் பொய்யன்று. வகுப்பறையை விட்டு வெளியே வந்தும் ஆசிரியராகவே இருந்தவர் அவர்.

அவற்றுள் அகல் விளக்கு என்னும் நாவல் 1961ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. அதில் சந்திரன், வேலய்யன் என இரு நண்பர்கள் வருகின்றனர். சந்திரன் அறிவிற் சிறந்தவன். எல்லாரும் வியக்கும்படி ஒளிர்ந்தவன். தன்னைத் தான் ஆளமாட்டாமையால் கெட்டொழிந்தான். வேலய்யன் அத்துணை ஒளியுடையவன் அல்லன். ஆயினும் அடங்கிய சுடராக நின்று வாழ்ந்தான். இக்கதையைப் படிக்குந்தோறும், ஆசிரியர் தாம் நடந்த வழியையும் அதில் எண்ணிப் பார்த்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

1971-இல் மு.வ. மதுரைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். 1966-இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக் கழகத்துக்கு முதல் துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவரும் தமிழறிஞரே. அவரை அடுத்து வந்தவர், ஒரு காலத்தில் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் கொண்டிருந்தவர். இப்போது ஆயிரக்கணக்கான இளைஞரின் பட்டச் சான்றிதழ்களில் அவர் கையொப்பம் இடலாயிற்று.

அதே 1971ஆம் ஆண்டில்தான் மதுரைப் பல்கலைக் கழகத்தில் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. கல்லூரிக்கு வர இயலாதவர்களுக்குப் பாடங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்பி, தேர்வெழுதச் செய்து, பட்டம் வழங்கும் முறை அது. இம்முறையில் நம் நாட்டில் முன்னோடி தில்லிப் பல்கலைக் கழகம். அது 1962-இல் தொடங்கியது. வியப்பு என்னவெனில், நம் பம்பாய்ப் பல்கலைக் கழகமும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது 1971-இலேயே. கடல் கடந்த இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக் கொண்டதும் அவ்வாண்டே. வேலையிலும் அடுப்பங்கரையிலும் இருந்தவர்களை நோக்கி உலகத்துப் பல்கலைக் கழகங்கள் பல ஒரே காலத்தில் திரும்பிப் பார்த்தன என்று சொல்லலாம்.

மதுரையின் அஞ்சல் வழிக் கல்வி ஒருவரால் மட்டும் ஆனது என்று நான் கூறமாட்டேன். பல்கலைக் கழகம் என்பது பலர் கூடி இழுக்கும் தேர். ஆயினும் தனித்தேர்வராகவே படித்து உயர்ந்த ஒருவர் தலைமை ஏற்ற ஆண்டில், தனித்திருந்து படிப்போர்க்கு அங்கே கதவு திறந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் நிறைகின்றது. பின்னாளில் அப்பல்கலைக் கழகம் காமராசர் பெயரைத் தாங்கிற்று. ஆசிரியர்களும் எழுத்தர்களும் படைவீரர்களும் இல்லத்தரசியரும் அதன் பாடங்களைத் தபாலிற் பெற்றுப் பட்டதாரிகள் ஆயினர்.

மு.வ. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அறுபத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். இளமையில் அவரைத் தாலுகா அலுவலகத்தினின்று விலக்கிய அந்த மெலிந்த உடலைக் கொண்டே இவ்வளவையும் செய்து முடித்தார்.

இனி, அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம்.

மு.வ.வின் வரலாற்றைக் கூறி, “பார், அவர் படித்தார், நீயும் படி” என்று சொல்லிவிடுதல் எளிது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டுப் பிள்ளையிடம் அவ்வாறு சொல்லுதல் நீதியாகாது. அவருக்கு உதவியவை எவை என்று பார்த்தல் வேண்டும். ஓர் ஆசிரியர் கிடைத்தார். படித்ததை மெய்ப்பித்துக் காட்ட ஒரு தேர்வு இருந்தது. நோயுற்ற காலத்தில் தாங்கிக் கொள்ள ஒரு வீடு இருந்தது. இம்மூன்றும் இல்லாதிருந்தால் அவருடைய முயற்சியும் பாலையிற் பெய்த மழையாய்ப் போயிருக்கும்.

இம்மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு நாம் தரவியலுமா?

தேர்வு இருக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறியவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிற் பதிந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அப்பள்ளி 1989-இல் நிறுவப்பட்டது. ஒரே முறையில் எல்லாப் பாடங்களையும் தேற வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகவும் தேறலாம். அதன் பின்னர்ப் பட்டப் படிப்புக்கு 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் உண்டு. 1989-இல் நாசிக்கில் தோன்றிய யசுவந்தராவ் சவாண் மகாராட்டிரத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் உண்டு. நம் மும்பைப் பல்கலைக் கழகத்தின் தொலைநிலைக் கல்வியும் உண்டு. மு.வ.வுக்கு ஒரு கதவு இருந்தது. நமக்குப் பல கதவுகள் இருக்கின்றன.

ஆனால் கதவைப் போல் வரையப்பட்ட சுவர்களும் இருக்கின்றன. என் உடன் பணியாளர் ஒருவர், “மூன்றாண்டுப் பட்டம் ஒரே ஆண்டில்” என்று ஒட்டப்பட்ட விளம்பரத்தைக் கண்டு, மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார். கையிற் கிடைத்த தாள் எங்கும் செல்லாத தாளாயிற்று. ஆகையால் எப்படிப்பில் சேர்வதாயினும், பல்கலைக் கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அவ்வாண்டுக்கு அனுமதித்துள்ள பட்டியலில் அக்கல்வி நிலையமும் அப்பாடமும் இடம் பெற்றுள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் நம் சங்கத்திற் கேளுங்கள்.

வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும். தனியே படிப்போர் பலர் பாதியில் நின்றுவிடுவது அறிவுக் குறைவால் அன்று. ஓர் ஐயம் எழும்போது கேட்பதற்கு ஆளில்லை. ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாதிருந்தால் ஏன் என்று கேட்பதற்கும் ஆளில்லை. நம்மிடையே பட்டம் பெற்றவர்களும் ஆசிரியப் பணியில் இருப்பவர்களும் உளர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வசதியாகக் குடியேறிய அன்பர்களும் தாராவியில் தம் இளமையைக் கழித்தவர்களே பலர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்கள் வந்தால், முருகைய முதலியார் செய்த பணியை இங்கே பலர் செய்தவர்களாவர்.

வீடு தாங்க வேண்டும். இதனைத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் சொல்கின்றேன். வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையிடம், “சம்பாதிக்கிறாய், இன்னும் என்ன படிப்பு?” என்று கேளாதிருத்தலே பேருதவி. வீட்டில் இடமில்லையேல் மாநகராட்சியின் அப்யாசிகா அறைகளுக்கு அனுப்புங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குப் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படுவது படிப்பு மட்டுமன்று என்பதை நான் விரித்துக் கூற வேண்டியதில்லை.

காலம் இல்லை என்போர்க்கு என் கணக்கை வைக்கின்றேன். சயானிலிருந்து வி.டி. நிலையத்துக்குப் புறநகர் வண்டியில் ஏறத்தாழ அரைமணி. போக வர ஒரு மணி. ஆண்டுக்கு இருநூற்றைம்பது வேலை நாட்கள் என்று கொண்டாலும் இருநூற்றைம்பது மணி நேரம். கூட்டத்தில் நின்று கொண்டு அதில் பாதியேனும் படிக்கவியலாதா? இக்கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே நாணமாக இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக அந்த வண்டியில் நான் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் கொண்டு போயிருக்கின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் வீட்டுக்குச் சென்றேன். பையன் சுவரோரம் நின்றான். அவன் தாயார் காப்பி கொடுத்தார். நான் முதலிற் சொன்னது இது: “எப்படியேனும் முடியுமானால் பகல் நேரக் கல்லூரிக்கே அனுப்புங்கள், அண்ணாச்சி. உடன் பயில்வோரும் ஆசிரியரும் சூழப் படிப்பதற்கு ஈடில்லை.” அவர் விரலை மடக்கித் தம் கடனையும் மூத்த மகளின் திருமணச் செலவையும் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கில் நான் பிழை காணவில்லை.

பிறகு மு.வ.வின் வரலாற்றைச் சொன்னேன். “பதினாறு வயதில் வேலைக்குப் போனவர்தாம் அவரும். வேலைக்குப் போனதால் அவர் படிப்பு முடியவில்லை. பையன் கடைக்குப் போகட்டும். ஆனால் அவன் முதற் சம்பளம் வாங்குமுன் திறந்தநிலைப் பள்ளியில் அவன் பெயர் பதிந்திருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றால் அது நடவாது. அதற்கு நானே சாட்சி” என்று கூறித் தகரப் பெட்டியில் கிடக்கும் தாளைப் பற்றியும் மறைக்காமற் சொன்னேன்.

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் நீங்களும் சேருங்கள், தம்பி. நீங்கள் சேர்ந்தால் அவனும் சேருவான். இருவரும் ஒன்றாய்ப் படியுங்கள்” என்றார். அவருடைய மனைவியார் சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். எனக்குத் தப்பிக்க வழியில்லாமற் போயிற்று.

பழைய தாள் இனிச் செல்லாது; அதனைக் கிழித்தெறிந்தேன். புதிய விண்ணப்பங்கள் இரண்டினை இவ்வாரம் பதிவு செய்திருக்கின்றோம். ஒன்றில் உள்ள வயது பதினாறு. மற்றொன்றில் உள்ள வயது, மு.வ. டாக்டர் பட்டம் பெற்றபோது இருந்த வயது. நான் அவ்வயதிற் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகின்றேன். ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஐந்து பாடங்களுள் முதலாவதாகத் தமிழையா ஆங்கிலத்தையா எழுதுவது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கின்றது.

வரும் ஞாயிறு முதல் மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் நாங்கள் இருவரும் இருப்போம். பத்தோடு நின்றவர்கள் யாராயினும், எவ்வயதினராயினும் வரலாம். கற்பிக்கக் கூடியவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

அடுத்த திங்கள் இப்பகுதியில், கரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, நீரியல் அறிஞராகி, 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் வா.செ. குழந்தைசாமியைப் பற்றி எழுத எண்ணியிருக்கின்றேன். பாடம் படிக்க நேரம் போக மீதி நேரத்தில் எழுத வேண்டும். சற்றுத் தாமதமாயின் அன்பர்கள் பொறுத்தருள்க.